காஞ்சும் கெடுக்குது, பேஞ்சும் கெடுக்குது: தர்மபுரி பக்கம் பருத்தி போடறவங்க அடிக்கடி கேக்கற கேள்விங்க

எங்க ஊரு மொரப்பூருக்கும் அரூருக்கும் நடுவுல. ரெண்டரை ஏக்கர் கொல்லை, அதுல ஒரு ஏக்கருக்குத்தான் கெணத்து தண்ணி பாயும், மீதி ஒன்றரை ஏக்கர் சுத்த மானாவாரி. ஆடி பொறந்தா போதும், பக்கத்து கொல்லைக்காரங்க, சித்தப்பா வூட்டு ஆளுங்க, போன்ல பேசற சொந்தக்காரங்கன்னு எல்லாரும் அதே கேள்விங்களையே திரும்ப திரும்ப கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா ஒரே எடத்துல எழுதி வெச்சுடறேன், தேவைப்படறவங்க படிச்சுக்கங்க.

காலநிலை மாற்றம் காலநிலை மாற்றம்னு சொல்றாங்களே, நம்ம கொல்லைக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?

ரெண்டு வருஷத்தை மட்டும் நெனச்சு பாருங்க. 2016ல வடகிழக்கு பருவமழை மொத்தமா ஏமாத்திடுச்சு, 2017 ஜனவரியில தமிழ்நாட்டுல எல்லா மாவட்டத்தையுமே வறட்சி மாவட்டம்னு அறிவிச்சாங்க. அந்த வருஷம் எங்க கெணத்துல அடிப்பாறை தெரிஞ்சுது, அம்மா கொடத்துல தண்ணி கொண்டாந்து நாலு வரிசை செடிக்கு ஊத்துனாங்க, அந்த நாலு வரிசைதான் காய்ச்சுது. அப்புறம் 2024 டிசம்பர் தொடக்கத்துல ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர், அரூர்ல 33 சென்டிமீட்டர். நமக்கு ஒரு வருஷம் முழுக்க பேயறதே ஏறக்குறைய 85 சென்டிமீட்டர்தான், அதுல பாதிக்கு மேல ஊத்தங்கரைக்காரங்க தலையில ஒரே நாள்ல கொட்டிடுச்சு. காய் வெடிச்சு பஞ்சு தொங்கிக்கிட்டிருந்த நேரம் வேற.

வானத்தை நாம மாத்த முடியாது. ஆனா காஞ்ச வருஷத்துலயும் கடன் ஏறாம, வெள்ளம் வந்த வருஷத்துலயும் போட்ட மொதல்ல பாதியாவது கைக்கு வர்ற மாதிரி வெள்ளாமையை அமைச்சுக்கலாம். ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் எடுத்தோம்னு பேசறதை கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு, மோசமான வருஷத்துல எவ்வளவு நஷ்டம்னு பேச ஆரம்பிக்கணும்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ரெண்டரை ஏக்கர்காரனை சாய்க்கறது கொறஞ்ச மகசூல் இல்லைங்க, ஒரே ஒரு கெட்ட வருஷம்.

பருத்தி வறட்சியை தாங்கற பயிராச்சே, அப்புறம் ஏன் நம்மகிட்ட மட்டும் சப்பை (பூக்காத மொட்டு), பிஞ்செல்லாம் கொட்டுது?

தாங்கும், ஆனா ஆணிவேர் கீழ போறதுக்கு மண்ணு வேணும். நல்ல கரிசலா இருந்தா வேர் மூணு நாலு அடி எறங்கி ஈரத்தை தேடிக்கும். நம்ம பக்கம் நெறைய கொல்லையில ஒரு அடி செம்மண், அதுக்கு கீழ சுக்காங்கல்லு, இல்லன்னா பாறை. வேர் முட்டிக்கிட்டு நின்னுடும். மழை ரெண்டு வாரம் தள்ளிப்போனா இருக்கற காயை காப்பாத்தறதுக்காக செடியே சப்பையையும் பிஞ்சையும் உதுத்துடும், அது நோயில்லைங்க, செடி தன்னை காப்பாத்திக்கற வழி. சூடு 38, 40 டிகிரின்னு போனா மகரந்தமே செத்துடும், பூத்த பூ காயாகாது. அதே மாதிரி தண்ணி தேங்குனாலும் வேர் மூச்சு முட்டி கொட்டும். காஞ்சாலும் கொட்டும், நனைஞ்சாலும் கொட்டும், அதனால கொட்டுதுன்னவுடனே மருந்து கடைக்கு ஓடாதீங்க, மொதல்ல மண்ணை ஒரு கை அள்ளி பாருங்க.

விதைக்கறதுக்கு முன்னாடி கடப்பாரை எடுத்துட்டு போய் கொல்லையில நாலு எடத்துல குழி போட்டு பாருங்க. ஒன்றரை அடிக்குள்ள கல்லு தட்டுதுன்னா அந்த எடத்துல மானாவாரி பருத்தி போடாதீங்கன்னுதான் நான் சொல்லுவேன். ராகி, சாமை, கொள்ளு, துவரைன்னு போங்க. எங்க கொல்லையிலயே மேட்டுப்பக்கம் அரை ஏக்கர் அப்படித்தான், அப்பா ஒத்துக்கவே மூணு வருஷம் ஆச்சு.

எப்ப விதைக்கறது? ஆடியிலயா ஆவணியிலயா?

நமக்கு ஒரு நல்ல விஷயம் என்னன்னா தென்மேற்கு, வடகிழக்குன்னு ரெண்டு மழையும் கெடைக்குது, செப்டம்பர் அக்டோபர்லதான் நல்லா பேயும். ஆடிக்கடைசி, ஆவணியில விதைச்சா செடி வளர்ற காலத்துக்கு அந்த மழை உதவும். ஆனா காலண்டரை பாத்து விதைக்காதீங்க, மண்ணை பாத்து விதைங்க. ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணு நனைஞ்சிருக்கணும். மேல நாலு விரக்கடை ஈரத்தை நம்பி விதைச்சா மொளைச்சு வந்து பத்து நாள்ல கருகிடும், அப்புறம் மறுபடி விதை பாக்கெட்டு, மறுபடி கூலி.

வாயும் அடியும் ஒரே அகலத்துல இருக்கற தகர டப்பா ஒண்ணு எடுத்து, மரத்தடி இல்லாம வெட்டவெளியில வெச்சுடுங்க. மழை விட்டதும் ஸ்கேலை உட்டு பாத்தா எத்தனை மில்லிமீட்டர்னு தெரிஞ்சுடும். நோட்டுல தேதி போட்டு எழுதி வைங்க. அரூர்ல பேஞ்சதும் உங்க கொல்லையில பேஞ்சதும் ஒண்ணு கெடையாது. அந்த நோட்டு ரெண்டு வருஷத்துக்கப்புறம் உங்களுக்கு சொல்ற சேதி எந்த ஆப்பும் சொல்லாது.

எந்த விதை வாங்கலாம்? கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு, மச்சான் ஒண்ணு சொல்றாரு.

கம்பெனி பேரை நான் சொல்ல மாட்டேன், எதை பாக்கணும்னு மட்டும் சொல்றேன். மானாவாரிக்கு சீக்கிரம் முடியற ரகம்தான் வேணும், 180 நாள் நிக்கற ரகம் வேணாம். மழை முடியறப்போ காய் முத்தியிருக்கணும். கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2020ல வெளியிட்ட கோ 17 ரகம் 125லேருந்து 135 நாள்ல முடியும், குட்டையா நிக்கும், காயெல்லாம் ஏறக்குறைய ஒண்ணா வெடிக்கும். ஹைபிரிட் (ஒட்டு விதை) இல்ல, ரகம், அதனால விதையை நாமளே எடுத்து வெச்சுக்கலாம். ஆனா கொஞ்சூண்டு எடத்துல போட்டு பாத்துட்டு அப்புறம் கூட்டுங்க.

பிடி ஹைபிரிட்டுதான், அதாவது காய்ப்புழுவை தடுக்கற ஜீன் வெச்ச விதைதான் போடுவேன்னா போடுங்க, தப்பில்ல. ஆனா பில்லு இல்லாம விதை வாங்காதீங்க, தயவு செஞ்சு. களைக்கொல்லி அடிச்சாலும் சாகாத பருத்தின்னு மறைச்சு வெச்சு விக்கறாங்க பாருங்க, அதுக்கு இந்தியாவுல இன்னும் அனுமதியே கெடையாது. எங்க பெரியப்பா ஒரு கடையில பில்லு இல்லாம ரெண்டு பாக்கெட்டு வாங்கி, பாதி மொளைக்காம போச்சு, யார்கிட்ட போய் கேக்கறது? காகிதம் இல்லன்னா நம்ம பேச்சு எங்கயும் எடுபடாது. பாக்கெட்டு கவரையும் பில்லையும் அறுவடை முடியற வரைக்கும் பத்திரமா வைங்க.

சொந்த விதைன்னா கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடிங்கற நன்மை செய்யற பூஞ்சாண பொடி கலந்து விதைங்க, வேரழுகலுக்கு நல்லது.

மானாவாரிக்கு தண்ணி எங்கிருந்துங்க வரும்? போர் போடலாமா?

இந்த கேள்விக்கு கொஞ்சம் நீளமா பதில் சொல்றேன், ஏன்னா எல்லாம் இங்கதான் இருக்கு. போர் போட்டு கடனாளியானவங்க தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. ஆயிரம் அடி போயும் பொகைதான் வந்துச்சுன்னு அழுதவங்களை பாத்திருக்கேன். கீழ தேடறதுக்கு முன்னாடி மேலேருந்து விழறதை புடிங்க.

கணக்கு இதுதான். ஒரு ஏக்கர்ல 1 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 4,000 லிட்டர் தண்ணி. 25 மில்லிமீட்டர் பேஞ்சா ஒரு லட்சம் லிட்டர். அது நம்ம கொல்லையில விழுந்து, மண்ணையும் அள்ளிக்கிட்டு, ஓடையில போய் சேருது.

மொதல்ல செய்ய வேண்டியது காசே இல்லாத வேலை. சரிவுக்கு குறுக்க உழவு ஓட்டுங்க. டிராக்டர்காரர் நீளமா ஒரே ஓட்டா ஓட்டத்தான் பாப்பாரு, பக்கத்துலயே நின்னு குறுக்க ஓட்ட சொல்லுங்க. பார் போட்டு விதைச்சு, ரெண்டு பாருக்கு நடுவுல அஞ்சாறு அடிக்கு ஒரு சின்ன மண் கட்டு குறுக்க போட்டா, மழைத்தண்ணி அங்கங்க நின்னு எறங்கும். பெருமழை வந்தா அந்த கட்டை மம்முட்டியால உடைச்சு விட்டுடலாம், பாரே வடிகாலாயிடும். ஒரே அமைப்பு வறட்சிக்கும் ஆச்சு, வெள்ளத்துக்கும் ஆச்சு. ஏக்கருக்கு அஞ்சு டன் தொழுவுரம், இல்லன்னா மக்குன தென்னை நார்க்கழிவு போட்டா செம்மண்ணு ஈரத்தை இன்னும் நாலு நாள் அதிகமா புடிச்சு வெக்கும். அஞ்சு டன் இல்லையா, ரெண்டு டன்னாவது போடுங்க.

அடுத்தது பண்ணைக்குட்டை. கொல்லையோட தாழ்வான மூலையில 60 அடிக்கு 60 அடி, 6 அடி ஆழம், கரையை சாய்வா வெட்டுனா ஏறக்குறைய 5 லட்சம் லிட்டர் நிக்கும். ஆவியா போறது, மண்ணுல எறங்கறதுன்னு பாதி போனாலும், ஒன்றரை ஏக்கருக்கு ஒரு தடவை செடியை காப்பாத்தற உயிர்த்தண்ணி குடுத்துட்டு மிச்சமும் இருக்கும். பூவும் பிஞ்சும் இருக்கற நேரத்துல, அதாவது 60லேருந்து 90 நாளுக்குள்ள, அந்த ஒரு தண்ணிதான் செடியில காய் நிக்குமா கொட்டுமான்னு முடிவு பண்ணுது. வேளாண்மை பொறியியல் துறையிலயும் ஒன்றிய ஆபீஸ்லயும் குட்டை வெட்ட திட்டம் இருக்கான்னு கேளுங்க. எடம் போயிடுமேன்னு யோசிக்கறது எனக்கு புரியுது, 60க்கு 60ன்னா எட்டு சென்ட்டு கொஞ்சம் மேல. எங்க அப்பா அதை விட மனசில்லாம சின்னதா வெட்டுனாரு, இப்ப பெருசா வெட்டியிருக்கலாமேன்னு சொல்றாரு.

கெணறு இருக்கறவங்க சொட்டுநீர் போடுங்க. அஞ்சு ஏக்கருக்குள்ள இருக்கற சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75. தாலுகா ஆபீஸ்ல சிறு குறு விவசாயி சர்ட்டிபிகேட் வாங்கிட்டு தோட்டக்கலை இல்லன்னா வேளாண்மை ஆபீஸ்ல பதியணும்.

ஊடுபயிர் போட்டா பருத்தி கெடாதா?

பருத்தி மொத ரெண்டு மாசம் மெதுவாத்தான் வளரும், நடுவுல எடம் சும்மா கெடக்கும், களைதான் வரும். அந்த எடத்துல உளுந்தோ பச்சைப்பயறோ போட்டா 65, 70 நாள்ல கைக்கு வந்துடும், பருத்தி படர்றதுக்கு முன்னாடி எடுத்துடலாம். மண்ணு மூடியிருக்கறதால ஈரமும் நிக்கும். ஓரத்துல ரெண்டு வரிசை தட்டைப்பயறு போட்டா அதுல அசுவினி வரும், அசுவினியை தேடி பொறிவண்டு வரும், அது பருத்திக்கும் போய் காவல் காக்கும். சுத்தி மக்காச்சோளமோ சோளமோ நாலு வரிசை போட்டா பறந்து வர்ற பூச்சிக்கு வேலி. வெண்டை மட்டும் பக்கத்துல வேணாம், காய்ப்புழுவும் வெள்ளை ஈயும் அதுலேருந்து இதுக்கு வரும்.

2016ல எங்களுக்கு பருத்தி போச்சு, ஆனா நடுவுல இருந்த பயறு வூட்டுக்கு வந்துச்சு. அது பெரிய பணம் இல்ல, ஆனா அந்த தைக்கு வட்டிக்கு வாங்காம இருந்தோம்.

பிடி பருத்திதானே, அப்புறம் எப்படி காய்க்குள்ள புழு இருக்கு?

அது இளஞ்சிவப்பு காய்ப்புழு. பிடி பருத்தி இந்தியாவுக்கு 2002ல வந்துச்சு, ரெண்டு ஜீன் வெச்சது 2006ல. 2010லயே குஜராத்ல மொத ரக பிடியை இந்த புழு தாண்டிடுச்சுன்னு தெரிஞ்சு போச்சு, அப்புறம் ரெண்டாவதையும் தாண்டிடுச்சு. பச்சை காய்ப்புழுவுக்குத்தான் பிடி இன்னும் கேக்குது.

இது காய்க்குள்ளயே இருக்கறதால வெளிய அடிக்கற மருந்து படவே படாது, அதனால வர்றதுக்கு முன்னாடியே புடிக்கணும். 45 நாள்ல ஏக்கருக்கு ரெண்டு இனக்கவர்ச்சிப்பொறி (பெண் பூச்சி வாசனை காட்டி ஆண் அந்துப்பூச்சியை புடிக்கற பொறி) வைங்க. தெனமும் காலையில எத்தனை அந்துப்பூச்சின்னு எண்ணுங்க, ஒரு பொறியில எட்டுன்னு தொடர்ந்து மூணு நாள் விழுந்தா அப்பதான் மருந்தை பத்தி யோசிக்கணும். பூ விரியாம ரோஜா மொட்டு மாதிரி சுருண்டு இருந்தா அதை கிள்ளி எடுத்து நசுக்கிடுங்க, உள்ள புழு இருக்கும். 20 பச்சைக்காயை ஒடைச்சு பாருங்க, ரெண்டுல புழு இருந்தா அதுவும் எச்சரிக்கைதான்.

வாரத்துக்கு ஒரு மருந்து அடிக்கறேன், ஆனாலும் அடங்கலையே?

அதனாலதாங்க அடங்கல. மொத 60 நாளுக்கு பொறிவண்டு, சிலந்தி, பச்சை கண்ணாடி இறக்கைப்பூச்சி எல்லாம் இலவசமா வேலை செய்யுது, நாம அதுங்களையும் சேத்து கொன்னுடறோம். தத்துப்பூச்சி, அசுவினிக்கு ஆரம்பத்துல வேப்பங்கொட்டை கரைசல் 5 சதவீதம் அடிங்க, மஞ்சள் ஒட்டும் பொறி ஏக்கருக்கு அஞ்சு வைங்க. யூரியாவை ஒரே தடவையா கொட்டுனா எலை கரும்பச்சையா கொழுகொழுன்னு வரும், சாறு உறிஞ்சற பூச்சிக்கு அதுதான் விருந்து. மூணு தடவையா பிரிச்சு, மழை பேஞ்ச ஈரத்துல வைங்க.

மூணு மருந்தை ஒண்ணா கலந்து அடிக்காதீங்க. மூஞ்சியில துணி கட்டி, முழுக்கை சட்டை போட்டு, காத்து அடிக்கற பக்கம் முதுகை வெச்சு அடிங்க. மருந்து அடிச்ச கொல்லைக்குள்ள அடுத்த நாளே களையெடுக்க பொம்பளைங்களை அனுப்பறதை பாக்கும்போது எனக்கு வயிறு எரியுது. டப்பாவுல எத்தனை நாள்னு போட்டிருக்கும், படிச்சு பாருங்க.

கொல்லையில தண்ணி நின்னுடுச்சு, மறுநாள் வெயில்ல செடியெல்லாம் தொவண்டு போச்சு. என்ன பண்றது?

ஃபெஞ்சல் அன்னிக்கு நாங்க பட்டது இதுதான். மொத வேலை வடிகால், ராத்திரியானாலும் பரவால்ல. 24 மணி நேரத்துக்குள்ள தண்ணி வெளிய போகணும். நாங்க பண்ண தப்பு, மழை முழுசா விடட்டும்னு ஒரு நாள் காத்திருந்தோம், கீழ்க்கோடியில இருந்த செடியெல்லாம் போச்சு.

நல்லா காய் புடிச்ச செடி மழைக்கப்புறம் திடீர்னு வெயில் அடிச்சா சில மணி நேரத்துலயே தொவண்டு தொங்கிடும். அது கிருமியால வர்ற வாடல் இல்ல. அன்னிக்கே கோபால்ட் குளோரைடு 100 லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் கலந்து அடிச்சா பாதி செடியாவது திரும்பும், ரெண்டு நாள் கழிச்சு அடிச்சா பிரயோஜனம் இல்ல. கால் வெக்கற அளவுக்கு மண்ணு காஞ்சதும் வேருக்கு மண் அணைச்சு, டிஏபி 2 சதவீதம், அதாவது பத்து லிட்டர் டேங்குக்கு 200 கிராம், மொத நாள் ராத்திரி ஊற வெச்சு தெளிஞ்சதை அடிங்க. நனைஞ்ச பஞ்சை உடனே எடுத்து தனியா காய வைங்க, நல்ல பஞ்சோட கலந்தா மொத்த மூட்டையும் கொட்டு பருத்தி (கறை புடிச்ச மட்டமான பஞ்சு) வெலைக்கு போயிடும்.

இன்சூரன்ஸ் கட்டுனா நெசமாவே பணம் வருமா?

வந்தவங்களும் இருக்காங்க, வராதவங்களும் இருக்காங்க. பிரதமர் பயிர் காப்பீட்டுல பருத்தி பணப்பயிர் கணக்கு, அதனால நம்ம பங்கு காப்பீட்டு தொகையில 5 சதவீதம், நெல்லு ராகி மாதிரி ஒண்ணரை ரெண்டு இல்ல. உங்க பிர்க்கா பருத்திக்கு அறிவிச்ச பட்டியல்ல இருக்கான்னு மொதல்ல வேளாண்மை ஆபீஸ்ல கேளுங்க. விஏஓகிட்ட அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக்கு எடுத்துட்டு இ-சேவை மையத்துல கட்டலாம். அடங்கல்ல பருத்தின்னு எழுதியிருக்கான்னு நின்னு பாருங்க, போன வருஷத்து பயிரையே எழுதி வெச்சிருப்பாங்க. வெள்ளம் மாதிரி தனி கொல்லைக்கு சேதம்னா 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும், தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க.

அரசாங்க நிவாரணத்தை மட்டும் நம்பறவங்களுக்கு ஒரு கணக்கு. 2024 ஃபெஞ்சல் அப்போ 33 சதவீதத்துக்கு மேல சேதம்னா மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபா, பாசனத்துக்கு 17,000னு அறிவிச்சாங்க. ஏக்கருக்கு பாத்தா மானாவாரிக்கு 3,400 ரூபா சொச்சம். களையெடுத்த கூலிக்கே பத்தாது.

எங்க விக்கறது? வூட்டு வாசலுக்கே வியாபாரி வர்றாரே?

அரூர், கம்பைநல்லூர் பக்கம் கூட்டுறவு விற்பனை சங்கத்துல ஏலம் நடக்குது, அங்க பல வியாபாரிங்க வந்து கேக்கறதால வெலை தெரியும். வாசல்ல வர்றவரு ஒரே ஆளு, அவரு சொல்றதுதான் வெலை, தராசும் அவரோடது. 2025-26க்கு மத்திய அரசு வெச்ச ஆதரவு வெலை நடுத்தர இழைக்கு குவிண்டாலுக்கு 7,710, நீள இழைக்கு 8,110. அதை மனசுல வெச்சுக்கிட்டு பேரம் பேசுங்க.

பஞ்சு எடுக்கறதை காலையிலயே, பத்து பதினொரு மணிக்குள்ள முடிச்சுடுங்க, அப்ப சருகு நொறுங்கி பஞ்சுல ஒட்டாது, எடுக்கற பொம்பளைங்களும் வெயில்ல வேகாம இருப்பாங்க. உர சாக்குல கட்டாதீங்க, அந்த பிளாஸ்டிக் நார் ஒண்ணு கலந்தா கூட மில்லுக்காரன் ஒதுக்கிடுவான், பழைய வேட்டி சேலையில கட்டுங்க. ஈரம் 8 சதவீதம் இருந்தா முழு வெலை, 12ஐ தாண்டுனா மத்திய அரசு கொள்முதல்ல எடுக்கவே மாட்டாங்க.

கடைசி எடுப்பு முடிஞ்சுது, மழை வந்தா மறுபடி தழையுமேன்னு விட்டு வெக்கலாமா?

விடாதீங்க. மறுதாம்புல கெடைக்கற நாப்பது அம்பது கிலோவுக்கு ஆசைப்பட்டு நாம அடுத்த வருஷத்து காய்ப்புழுவுக்கு சோறு போட்டு வளக்கறோம். அது வெடிக்காத காயிலயும் கீழ விழுந்த காயிலயும் தூங்கிட்டிருக்கும். ஆட்டை ரெண்டு நாள் கொல்லையில விட்டா மிச்ச காயை மேஞ்சுடும், ஆனா மருந்து அடிச்சு நாளாச்சான்னு பாத்துட்டு விடுங்க. அப்புறம் பருத்திமாரை (காஞ்ச பருத்தி செடியை) வேரோட புடுங்கி, பொடியாக்கற மிஷின் வாடகைக்கு கெடைச்சா தூளாக்கி மண்ணுலயே ஓட்டிடுங்க. அடுப்புக்கு வேணும்னா கெடைச்ச காயையெல்லாம் உருவிட்டு எடுத்துட்டு போங்க, கொல்லை ஓரத்துல குவிச்சு வெக்காதீங்க.

ஒரு கொல்லைக்காரர் மட்டும் புடுங்குனா பத்தாது, அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது. எங்க ஓடைக்கு இந்த பக்கம் இருக்கற பதினோரு பேரும் தை கடைசிக்குள்ள மாரை புடுங்கிடறதுன்னு பேசி வெச்சிருக்கோம், ரெண்டு பேருக்கு ஆளு கெடைக்கலன்னா மத்தவங்க மாத்தாளா போறோம். ஓடைக்கு அந்த பக்கத்துக்காரங்ககிட்ட இந்த ஆவணிக்கு முன்னாடி போய் பேசணும்.